கிரேஹவுண்ட் வீட்டுக்கு ஆகும், தோட்டத்துக்கு ஆகாது

கேள்வி: தாராபுரம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், மாமியார் மூன்று பேர்தான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் கிரேஹவுண்ட் குட்டி ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறான். ரொம்ப சாது, பகலெல்லாம் தூங்கும், குரைக்கக்கூடக் குரைக்காது என்று செல்போனில் வீடியோவாகக் காட்டுகிறான். வீட்டுக்காரரோ, அது வேட்டை நாய், ஆளைக் கடிக்கும், ஆனாலும் பகலில் கட்டிப்போட்டு ராத்திரி அவிழ்த்துவிட்டால் நல்ல காவல் என்கிறார். பட்டியில் இருபது செம்மறி இருக்கின்றன, கோழிகள் உண்டு, வீட்டில் ஒரு பூனை. பள்ளிக்கூட லீவுக்கு மகளின் ஐந்து வயதுப் பையன் வருவான். நாங்கள் யார் பேச்சை நம்புவது டாக்டர்?

பதில்: ரெண்டு பேர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது அம்மிணி. மகன் காட்டும் வீடியோ பொய் இல்லை, கிரேஹவுண்ட் வீட்டுக்குள் அப்படித்தான் கிடக்கும். வீட்டுக்காரர் சொன்னதில் ‘வேட்டை நாய்’ என்பது சரி, ‘ஆளைக் கடிக்கும்’ என்பது தப்பு, ‘கட்டிப்போட்டு வளர்த்தால் காவல்’ என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. வீட்டுக்குள் அதற்கு ஒரு மூலை கொடுக்க முடியும், காலையும் மாலையும் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நடக்க முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள். தோட்டம் அத்தனை ஏக்கர் கிடக்கிறது, அதுபாட்டுக்கு ஓடியாடி வளரட்டும் என்ற எண்ணம் இருந்தால் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதே கேள்வியை வேறு வேறு விதமாக அடிக்கடி கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கும் வாய் வலிக்கிறது.

முதலில் கடிக்கிற விஷயம். வேட்டை நாய் என்றாலே ஆள்மேல் பாய்கிற நாய் என்று நம் பக்கம் ஒரு நினைப்பு. கிரேஹவுண்ட் மோப்பம் பிடித்துத் தேடுகிற நாயும் இல்லை, பன்றியை எதிர்த்து நின்று மல்லுக்கட்டுகிற நாயும் இல்லை. கண்ணால் பார்த்து, ஓடுவதைத் துரத்திப் பிடிப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த தொழில். அந்தத் தொழிலுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவர்கள் ஆளோடு முறைக்கிற நாயை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வேட்டைக்கூட்டத்திலும் சரி, பிற்பாடு பந்தயத் திடலிலும் சரி, முன்பின் தெரியாத ஆள் வந்து வாயைத் திறந்து பார்ப்பான், காலைத் தூக்கிப் பார்ப்பான், எடை போடுவான், நாய் சும்மா நிற்க வேண்டும். அந்தக் குணம் ரத்தத்தில் ஊறிவிட்டது. புது ஆளைக் கண்டால் சில கிரேஹவுண்ட் வாலை ஆட்டிக்கொண்டு போகும், சில ஒதுங்கி நின்று பார்க்கும், பாய்ந்து கடிப்பது அபூர்வம். கடிக்கவே கடிக்காத நாய் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மாடும் ஆடும்தான் எனக்குச் சோறு போடுகின்றன என்றாலும் நாய்களும் வரும். ஒரு முறை காங்கேயம் பக்கமிருந்து ஒரு கிரேஹவுண்டைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார்கள். எதையோ துரத்திக்கொண்டு போய் முள்கம்பி வேலியில் உரசியிருக்கிறது. பின்தொடைத் தோல் ஒரு சாண் நீளத்துக்குப் பழைய வேட்டி கிழிந்த மாதிரிக் கிழிந்து தொங்குகிறது, உள்ளே சதை செக்கச்செவேலென்று தெரிகிறது. மற்ற நாயாக இருந்தால் வாயைக் கட்டாமல் கிட்டவே போக முடியாது. இது மேஜைமேல் நின்றபடியே, பிடித்திருந்த பையனின் கக்கத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டது. மரத்துப்போக ஊசி போட்டபோது தோல் ஒரு தரம் சிலிர்த்தது, லேசாக முனகியது, அவ்வளவுதான். தையல் போட்டு முடிக்கிற வரைக்கும் பின்னங்கால் ரெண்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே இருந்தன, ஆனால் நகரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு பையன்தான் தலைசுற்றிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அந்தச் சாதுத்தனமும் அந்த மெல்லிசுத் தோலும் இரண்டுமே இந்த இனத்துக்குப் பிறவிக்குணம். தோலுக்கு அடியில் கொழுப்பு ரொம்பக் குறைவு, உங்கள் கிளுவை வேலி முள்ளுகூட அதன்மேல் கோடு போட்டுவிடும்.

வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் படுத்திருக்கும். மல்லாந்து, நாலு காலையும் மேலே தூக்கி, கழுத்தை ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு தூங்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் நாய்க்கு என்னமோ ஆகிவிட்டது என்று எனக்குப் போன் செய்வார்கள். சந்தோஷம் வந்தால் பல்லைக் கடகடவென்று அடிக்கும், அது வலிப்பு இல்லை. உட்காரச் சொன்னால் அனேகமாக உட்காராது, பின்தொடைச் சதை அமைப்பு அப்படி, நிற்கும் அல்லது ஒரேயடியாகப் படுத்துவிடும். லாப்ரடார் மாதிரி சொன்னதையெல்லாம் செய்து காட்டி மெச்சிக்கொள்ளச் சொல்லும் நாய் இல்லை இது. புரியாமல் இல்லை, அக்கறை இல்லை. ஆனால் மனசு ரொம்ப மெல்லிசு. கையை ஓங்கினாலோ அதட்டினாலோ அப்படியே உறைந்து நின்றுவிடும், இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுவிடும், சோறு எடுக்காது. நம் தோட்டத்து வீடுகளில் வாசலில் நிற்பவர் மோட்டார் ரூமில் இருப்பவரோடு பேசுகிற சத்தத்துக்கே அது முதல் ஒரு மாதம் திகைத்துப்போகும். அது பழகிவிடும், பயப்படாதீர்கள். அடித்து வளர்க்கிற பழக்கம் மட்டும் யாருக்காவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், இந்த நாய் அதற்கு ஆகாது.

மகன் பார்த்த வீடியோக்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா பக்கத்தில் எடுத்த வீடியோக்களில் சோபாவில் கிடப்பவை பெரும்பாலும் பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற நாய்கள். இங்கிலாந்தில் 1926-ல் மான்செஸ்டரில் மின்சார முயல் பொம்மையின் பின்னால் நாய்களை ஓடவிட ஆரம்பித்தார்கள், அது பெரிய சூதாட்ட வியாபாரமாக வளர்ந்தது. ஓடி முடித்த நாய்களை என்ன செய்வது என்ற சங்கடம் கூடவே வளர்ந்தது, அவற்றை வீடுகளில் சேர்க்கப் பாடுபட்டவர்களால்தான் கிரேஹவுண்ட் ஒரு சோம்பேறிச் செல்லம் என்ற பேரே பரவியது. நியூசிலாந்து அரசு இந்தப் பந்தயத்தையே நிறுத்தப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்துவிட்டது. சரி, அது கிடக்கட்டும். அந்த நாய்கள் வீட்டுக்கு வரும்போது மூன்று நான்கு வயது, துள்ளல் அடங்கியவை, கயிற்றில் நடக்கவும் ஆட்கள் தொட்டுப் புரட்டவும் பழகியவை. உங்கள் மகன் கொண்டுவரப்போவது இரண்டு மாதக் குட்டி. அது ஒன்றரை, இரண்டு வயது வரைக்கும் செருப்பைக் கடிக்கும், மெத்தையைக் கிழிக்கும், திடீரென்று கிறுக்குப் பிடித்த மாதிரி ஆசாரத்துக்கும் வாசலுக்கும் ஏழெட்டுத் தரம் ஓடும், வழியில் நிற்கிற குடமோ ஆளோ கணக்கில்லை. வீடியோவில் இருக்கிற நாய் அதற்குப் பிறகுதான் வரும், ஒழுங்காக வளர்த்தால்.

காவல் விஷயத்தில் வீட்டுக்காரரின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. தோட்டத்து வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால் இன்றைக்கு யாருக்கும் ராத்திரி சரியாகத் தூக்கம் வராது. ஆனால் காவலுக்கு முதல் தகுதி குரைப்பது. ஆள் அரவம் கேட்டதும் எழுந்து, வேலியோரம் வரைக்கும் போய், விடாமல் குரைத்து வீட்டை எழுப்ப வேண்டும். கிரேஹவுண்ட் தலையைத் தூக்கிப் பார்க்கும், அப்புறம் படுத்துக்கொள்ளும். திருடன் டார்ச் அடித்துக்கொண்டு வந்தால் வெளிச்சம் சுவரில் ஓடுகிறதே என்று வேண்டுமானால் துரத்தும். காவல் வேண்டும் என்றால் நல்ல நாட்டு நாய்க் குட்டி ரெண்டு எடுத்து வளருங்கள், அவற்றுக்கு நிகர் கிடையாது, வைத்தியச் செலவும் குறைவு. ராஜபாளையம், கோம்பை என்று போவதானால் அவை வீட்டு ஆளைத் தவிர மற்றவரை எளிதில் ஏற்காது, பால்காரர் முதல் தேங்காய் போட வருகிறவர் வரை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் நிறையப் பிறக்கும், பின்னால் நின்று கைதட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

இனி ஓடுகிற விஷயம், உங்கள் வீட்டுக்கு இதுதான் முக்கியம். கிரேஹவுண்ட் மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகம் போகும். விநாடிக்குப் பதினேழு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அது அடுத்தவர் காட்டில் இருக்கும். கண் ரெண்டும் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 270 டிகிரி சுற்றளவு பார்க்கும், நமக்கு 180தான். தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், காது மடங்கும், உடம்பு விறைக்கும், அடுத்த நொடி ஆள் இல்லை. அப்போது கூப்பிட்டால் கேட்காது என்பதைக் கீழ்ப்படியாத குணம் என்று நினைக்காதீர்கள், அந்த நேரத்தில் அதற்கு நம் குரல் காதிலேயே விழுவதில்லை. பழக்கிச் சரிசெய்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. குறைக்கலாம், அழிக்க முடியாது.

உங்கள் கோழிகள் தப்பாது. கூண்டுக்குள் இருக்கும் கோழி வேறு, வாசலில் மேய்கிற கோழி வேறு. மேய்கிற கோழி ஒரு நாள் சிறகடித்து ஓடும், அன்றைக்கு முடிந்தது. பூனை விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. குட்டியிலிருந்து கூடவே வளர்ந்தால் வீட்டுக்குள் அந்தப் பூனையோடு ஒரே மெத்தையில் படுக்கும், ஆனால் அதே பூனை வெளியே களத்தில் குறுக்கே ஓடினால் அது நம் வீட்டுப் பூனை என்ற ஞாபகம் எல்லா நாய்க்கும் வருவதில்லை. ஆகவே வீட்டுக்குள் மட்டும் சேர்ந்திருக்கட்டும், பூனை ஏறிக்கொள்ள உயரமாக ஒரு பரணோ அலமாரியோ இருக்கட்டும், முதல் சில மாதம் ஆள் இல்லாமல் ரெண்டையும் ஒன்றாக விட வேண்டாம்.

செம்மறிதான் பெரிய தலைவலி. கூட்டமாக மிரண்டு ஓடுகிற எதுவும் கிரேஹவுண்டுக்கு அழைப்பு. அது ஆட்டைக் கொல்ல நினைத்திருக்காது, விளையாட்டாகத் துரத்தும், ஆடுகள் மூச்சு வாங்கி விழும், சினையாடு குறைமாதத்தில் குட்டி போட்டுவிடும், ஓடுகிற காலில் ஒரு பிடி பிடித்தால் சதை கிழியும். உங்கள் ஆடு என்றால் உங்களோடு போயிற்று. தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் சமீப வருஷங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப்போட்டு, விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்து நஷ்டஈடு கேட்டதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி வெந்துபோயிருக்கிற ஊரில், பக்கத்துத் தோட்டத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், உங்கள் நாய் ஒரு தரம் ஆட்டைத் துரத்துவதை யாராவது பார்த்தால், போன மாதம் செத்த ஆடும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். விஷம் வைத்த கறித்துண்டு தின்று வருகிற நாய்களை நான் பார்க்கிறேன், அதில் பாதிகூடப் பிழைப்பதில்லை.

முயலும் மயிலும் இதில் சேர்த்தி. வீட்டுக்காரரின் சேக்காளிகள் யாராவது ‘நாய் நல்லா ஓடுதே, ராத்திரி முயலுக்கு விட்டுப் பார்க்கலாம்’ என்று வருவார்கள், கட்டாயம் வருவார்கள். 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பது குற்றம், நாயை விட்டுத் துரத்துவதும் அந்தச் சட்டத்தில் வேட்டைதான். மயில் அந்தச் சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கிற பறவை. நிலக்கடலையையும் சோளத்தையும் தின்கிறதே என்று உங்களுக்கு மயில்மேல் கோபம் இருக்கலாம், நியாயம்தான், ஆனால் நாய் ஒரு மயிலைப் பிடித்துவிட்டால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாயை வளர்க்கிறவர்.

இதெல்லாம் மற்றதுக்கு வரும் ஆபத்து. நாய்க்கு வரும் ஆபத்து என்றால் முதலில் கிணறு. உங்கள் பக்கத்துக் கிணறுகள் பாதிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, தரையோடு தரையாக வாய் திறந்து கிடக்கும். கண் முழுக்க முயல்மேல் வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் போகிற நாய்க்குக் கிணறு தெரியாது. அடுத்தது சங்கிலி. பகலில் கட்டிப்போட்டால் என்கிறாரே வீட்டுக்காரர், மூன்று நான்கு மீட்டர் சங்கிலிக்குள்ளேயே இந்த நாய் நல்ல வேகம் எடுத்துவிடும், எதிரே ஒரு அணில் போனால் பாயும், சங்கிலி முனையில் கழுத்து வெட்டி இழுக்கும். நீண்ட மெல்லிய கழுத்து, எலும்பு பிசகினால் நாய் எழுந்து நிற்காது. அதுவும் இல்லாமல் ஆளோடு ஒட்டியே இருக்க ஆசைப்படுகிற நாயை வேப்ப மரத்தடியில் தனியாகக் கட்டினால் அழும், தோண்டும், தன் காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். கழுத்துப்பட்டியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மற்ற நாய்க்குக் கழுத்தைவிடத் தலை பெரிசு, இதற்குத் தலை சின்னது, கழுத்து அதைவிடப் பருமன். சாதாரணப் பட்டி போட்டால் பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொண்டு போய்விடும். மார்ட்டிங்கேல் என்று ஒன்று விற்கிறார்கள், அகலமாக இருக்கும், இழுத்தால் அளவோடு இறுகும், தலை உருவாது. கோயம்புத்தூரில் நாய்ப் பொருள் விற்கிற கடைகளில் கேட்டால் கிடைக்கும், குட்டிக்கு முன்னால் அதை வாங்கச் சொல்லுங்கள் மகனை.

பேரனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழந்தைகளோடு கிரேஹவுண்ட் பொதுவாகப் பொறுமையானது, மேலே விழுந்து நக்குகிற ரகம் இல்லை, தொந்தரவு அதிகமானால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடும். ஒன்றே ஒன்றுதான் கவனிக்க வேண்டும். இந்த இனத்தில் சில நாய்கள் கண்ணைத் திறந்துகொண்டே ஆழ்ந்து தூங்கும், தூக்கத்தில் தொட்டால் அதிர்ந்து எழுந்து, யார் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு உறுமல், சில நேரம் பல் பட்டுவிடும். அதற்குள் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆனால் ஐந்து வயதுப் பையனின் முகம் அதன் வாய்க்கு நேரே இருக்கும் உயரம். எனவே நாயின் படுக்கை ஆட்கள் நடமாடும் வழியில் இருக்கக் கூடாது, அது படுத்திருக்கும்போது பையன் கிட்டே போகக் கூடாது, வேண்டுமானால் தூரத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு அது எழுந்து வந்தபின் தடவிக்கொடுக்கட்டும். கட்டிப்பிடிப்பது, மேலே ஏறிப் படுப்பது எல்லாம் கூடாது. லீவுக்கு வருகிற பிள்ளைக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், பெரியவர் ஒருவர் இல்லாமல் ரெண்டையும் தனியாக விடவும் கூடாது. மாமியார் விஷயம் வேறு. பிடித்தவர்கள் பக்கத்தில் வந்து நின்று உடம்பை அப்படியே அவர்கள்மேல் சாய்ப்பது கிரேஹவுண்டின் வழக்கம், அது அன்புதான், ஆனால் வளர்ந்த ஆண் நாய் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும், தோள் உயரம் இரண்டரை அடிக்குப் பக்கத்தில் வரும். நடை தள்ளாடுகிறவர் என்றால் உயரத்தில் எடையில் கொஞ்சம் குறைந்த பெட்டைக்குட்டியாகப் பாருங்கள்.

மாமியாரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இன்னொன்று உண்டு, அதைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்: நாய் நிலைப்படி தாண்டி வீட்டுக்குள் வருவதற்கு அவர் சம்மதிப்பாரா? நம் பக்கம் நிறைய வீடுகளில் நாய் திண்ணையோடு சரி. அதில் தப்பொன்றும் இல்லை, அது அவர்கள் வளர்ந்த முறை, ஆனால் திண்ணை நாயாக வாழ கிரேஹவுண்டால் முடியாது. மார்கழிப் பனியில் நடுங்கும், சித்திரை வெயிலில் சுருண்டுவிடும், ரெண்டுக்கும் தாங்குகிற கொழுப்போ ரோமமோ அதற்கு இல்லை. வெறும் தரையில் படுத்தால் முழங்கை, இடுப்பு எலும்பு எல்லாம் காய்த்துப் புண்ணாகும், பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று கட்டாயம் வேண்டும். டைல்ஸ் தரையில் கால் வழுக்கிப் பரப்பிக்கொண்டு விழும், நடக்கிற இடத்தில் சாக்கோ கால்மிதியோ விரித்துவிடுங்கள். சாப்பாட்டு மேஜை உயரம் அதன் மூக்கு உயரம் என்பதால் குழம்புச்சட்டியை உள்ளே தள்ளி வைக்கப் பழக வேண்டும். மாமியார் இதற்கெல்லாம் மூஞ்சியைச் சுளித்தால், மகனுக்காக அவரை வற்புறுத்தாதீர்கள். மகன் கோயம்புத்தூரில் இருப்பார், நாயும் மாமியாரும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே கூரையில் இருக்க வேண்டும்.

நடை, சாப்பாடு பெரிய விஷயமில்லை. இவ்வளவு ஓடுகிற நாய்க்குத் தினமும் மைல் கணக்கில் ஓட்டம் வேண்டும் என்று நினைக்கிறார்கள், வேண்டாம், வெயில் ஏறுவதற்கு முன்னால் அரை மணி, பொழுது சாய்ந்த பிறகு அரை மணி, கயிற்றில். தாராபுரத்து ஏப்ரல் வெயிலில் பத்து மணிக்கு மேல் ஓடவிட்டால் உடம்புச் சூடு ஏறியே செத்துப்போகும். அவிழ்த்துவிட ஆசையாக இருந்தால் நெல்லோ கடலையோ காய வைக்கிற களத்தைச் சுற்றி ஆறடிக்கு வலை வேலி கட்டி, முள்கம்பி இல்லாமல், அதற்குள் விடுங்கள். பால்சோறும் தயிர்சோறும் மட்டும் போட்டு வளர்க்காதீர்கள், முட்டை, வெந்த கறி, அல்லது நல்ல நாய்த்தீனி வேண்டும், ரெண்டு மூன்று வேளையாகப் பிரித்து. தின்ற கையோடு ஓடவிடக் கூடாது. நெஞ்சுக்கூடு ஆழமான இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் வரும், வாந்தி எடுக்க முக்கும், ஒன்றும் வராது, வயிறு கல்லாக இருக்கும், விடியட்டும் என்று காத்திருந்தால் நாய் இருக்காது. அப்புறம், கடைசி ரெண்டு மூன்று விலா எலும்பு தெரிவது இதற்கு இயல்பு. வருகிறவர் போகிறவர் எல்லாம் ‘ஏனுங், சோறே போடறதில்லீங்களா’ என்று கேட்பார்கள். அவர்களுக்காகக் கொழுக்க வைத்துவிடாதீர்கள்.

வைத்தியத்தில் ஒரு சங்கதியை மகனிடம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிரேஹவுண்டின் ரத்தம் மற்ற நாய் ரத்தம் மாதிரி இல்லை. சிவப்பணு இயல்பிலேயே அதிகம், ரத்தம் உறைய உதவுகிற தட்டணு இயல்பிலேயே குறைவு. மற்ற நாய்க்குத் தட்டணு இரண்டு லட்சத்துக்குக் கீழே போனால் உண்ணிக்காய்ச்சலோ என்று பார்ப்போம், இதற்கு ஒன்றரை லட்சமே சரியாக இருக்கலாம். இன்னொரு பக்கம், மற்ற நாய்க்குப் போதுமான ரத்தம் என்று ரிப்போர்ட்டில் தெரிகிற அளவு இதற்குச் சோகையாக இருக்கலாம். ஆடு மாடு இருக்கிற தோட்டத்தில் உண்ணிக்குப் பஞ்சமில்லை, அதனால் இந்தக் குழப்பம் உங்களுக்கு ஒரு நாள் வந்தே தீரும். நாய் நல்ல ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒரு தரம் ரத்தம் எடுத்துப் பார்த்து அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், பிற்பாடு காய்ச்சல் வரும்போது அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மயக்க மருந்திலும் அப்படித்தான். தயோபென்டோன் போன்ற பழைய மருந்துகளை இதன் ஈரல் மெதுவாகத்தான் கரைக்கும், எழுந்திருக்க ரொம்ப நேரமாகும், சமயத்தில் ஆபத்து. கருத்தடையோ வேறு ஆபரேஷனோ என்றால் இது கிரேஹவுண்ட் என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லுங்கள். பெரிய ஆபரேஷன் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவது எட்டாத தூரம் இல்லை.

இவ்வளவு கேட்ட பிறகு பாதிப் பேர், ‘அப்படியானால் நம்ம ஊர் வேட்டை நாய் இனமான சிப்பிப்பாறையோ கன்னியோ வாங்கிக்கொள்ளலாமா’ என்பார்கள். நம் வெயிலுக்கு அவை மேல், காய்ச்சல் நோய் தாங்கும் சக்தியும் மேல், புது ஆளைக் கண்டால் கிரேஹவுண்டைவிட உஷாராகவும் இருக்கும். ஆனால் அவையும் கண்ணால் பார்த்துத் துரத்துகிற சாதிதான், கோழிக்கும் ஆட்டுக்கும் நான் சொன்னது அத்தனையும் அப்படியே பொருந்தும். போதாததற்கு, சிப்பிப்பாறை என்ற பேரில் கிரேஹவுண்ட் கலந்த குட்டிகளை விற்பதும் சர்வசாதாரணம். எனக்கு மனசில் படுவதைச் சொல்கிறேன். பட்டியும் கோழியும் உங்கள் வருமானம், அதற்குக் காவலாக ரெண்டு நாட்டு நாய் இருக்கட்டும். கிரேஹவுண்ட் வருவதானால் அது உங்களோடு வீட்டுக்குள் இருக்கிற துணையாக மட்டும் வரட்டும், அந்த வேலையை அதைவிட அமைதியாகச் செய்கிற நாய் குறைவு.

வாங்குவது என்று முடிவானால் மகனைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், தாய் ஆட்களைக் கண்டு பதுங்கினாலோ உறுமினாலோ குட்டியிடமும் அது இருக்கும். எட்டு வாரம் ஆகாத குட்டியை எடுக்க வேண்டாம். தடுப்பூசி எந்தத் தேதி, எந்த டாக்டர் போட்டார் என்று சீட்டில் இருக்க வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் நீங்கள் போட வேண்டியிருக்கும். கோயம்புத்தூரில் அபார்ட்மென்டில் ஆசையாக வாங்கி, வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் வேறு வீடு தேடுகிறவர்களும் இருக்கிறார்கள், அப்படி ரெண்டு மூன்று வயது நாய் கிடைத்தால் உங்கள் வீட்டுக்கு அது குட்டியைவிட நல்லது, குணம் என்ன என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம், பூனையைக் கண்டால் என்ன செய்கிறது என்பதையும் கயிற்றில் பிடித்துப் பார்த்துவிடலாம். விற்கிறவர் ‘முயலுக்கு நல்லாப் பழக்கியிருக்குங்க’ என்று பெருமையாகச் சொன்னால், முன்பணம் கொடுக்காமல் மகனை வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள்.